கிழக்கே தலை வைத்த கூடாரம்

அந்தப் பை என்னுடையதுதான் அம்மா. காலுக்கு இடைஞ்சலாக இருந்தால் சொல்லுங்கள், என் பக்கம் இழுத்துக்கொள்கிறேன். நடத்துநர் மேல்தட்டில் ஏற்றிப் பார்த்தார், ஏறவில்லை. உள்ளே இருப்பது கூடாரம். ஆம், கூடாரந்தான். குடும்பக் கூடாரம், ஆறு பேர் படுக்கலாம். கம்பி கிடையாது, கழி கிடையாது. குழாய்களில் காற்றடித்தால் தானே எழுந்து நிற்கும். எட்டே நிமிடம் என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கிறார்கள்.

மற்ற ஐந்து பேர் எங்கே என்று பார்க்கிறீர்கள். நியாயமான பார்வை. ஏற்காட்டிலிருந்து சேலம் போய்ச் சேர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். உங்களுக்குத் தூக்கம் வந்தால் தூங்குங்கள். நான் தவறாக நினைக்கமாட்டேன்.

நான் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரி விடுதிக்குக் காப்பாளராக இருந்தவள். செங்கமலம் என்று பெயர். வார்டனம்மா என்றால்தான் ஊரில் தெரியும். முப்பத்தொரு வருடம், இருநூற்றுப் பன்னிரண்டு கட்டில்கள். அதற்கு முன்பு மாணவியாகவும் விடுதிதான், முதல் வேலையும் விடுதியில்தான். மொத்தம் நாற்பத்திரண்டு வருடம் மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் படுத்திருக்கிறேன். திருமணம் அமையவில்லை. அமையவில்லை, அவ்வளவுதான், வேறு காரணம் ஒன்றும் இல்லை. இப்போது ஓய்வு. புதிய காப்பாளர் வந்துவிட்டார். நல்ல பெண். என் குடியிருப்பை இந்த மாத இறுதிக்குள் அவருக்குக் காலி செய்து தர வேண்டும்.

சேலத்தில் என் தம்பி இருக்கிறான். குருபரன். என்னைவிட நான்கு வயது இளையவன். எனக்கு உடன்பிறப்பு என்று அவன் ஒருவன்தான். தன் வீட்டு மாடியில் புதிதாக ஓர் அறை கட்டினான். கட்டி முடித்த அன்றே தொலைபேசியில் கூப்பிட்டான்.

“அக்கா, மாடி ரூம் முடிஞ்சிருச்சு. இனிமே நீ எதுக்குத் தனியா கெடக்கணும்? இங்கயே வந்துடு.”

பதினெட்டு வயதில் வீட்டைவிட்டுப் புறப்பட்டவள் நான். அதற்குப் பிறகு அவனும் நானும் ஒரே கூரையின்கீழ் தொடர்ந்து நான்கு நாள் இருந்ததில்லை. பின்னால் ரேணுகாவின் குரல் கேட்டது. ரேணுகா அவன் மனைவி.

“மொதல்ல எல்லாரும் சேர்ந்து எங்கயாவது ரெண்டு நாள் இருந்துட்டு வரலாம்னு சொல்லுங்க. அப்புறம் பாத்துக்கலாம்” என்றாள்.

என் ஓய்வைக் கொண்டாட வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை.

அவர்கள் ஏற்காட்டில் தங்கும் விடுதியில் இரண்டு அறை பார்த்தார்கள். நான் வேண்டாம் என்றேன். அறை என்றால் அதற்கொரு கதவு. சாத்திக்கொண்டால் அவரவர் தனி. கதவுகளை நான் வேண்டிய மட்டும் பார்த்துவிட்டேன். ஒரே துணியின்கீழ் நால்வரும் படுப்போம் என்று சொல்லி இந்தக் கூடாரத்தை வாங்கினேன். நாலு பேர் கூடாரமும் கடையில் இருந்தது. ஆனால் தம்பியின் மகள் ஆதிரைக்குப் பதினேழு வயது. நாளைக்கே மாப்பிள்ளை வருவார், குழந்தை வரும். அவர்கள் எங்கே படுப்பார்கள்? யோசித்துத்தான் ஆறு.

முன்னே பின்னே கூடாரம் போட்டவர்கள் இல்லை நாங்கள். ஆகவே விடுதி மைதானத்தில் மூன்று முறை ஒத்திகை பார்த்தேன். காவலாளி காற்றடித்தார், நான் கடிகாரம் பார்த்தேன். செய்முறையை எழுதி, நான்கு படி எடுத்து, மழையில் நனையாதபடி லேமினேட் செய்துகொண்டேன். வெள்ளிக்கிழமை காரில் ஏறியதும் ஆளுக்கொன்று கொடுத்தேன்.

ஆதிரை தன் தாளைப் படித்துப் பார்த்தாள். “அத்தை, எனக்கு முளைகளை எண்ணுதல்னு போட்டிருக்கு. எண்ணிட்டு?”

“என்னிடம் சொல்ல வேண்டும்.”

“சொல்லிட்டு?”

“அடித்த பிறகு மறுபடியும் எண்ண வேண்டும்.”

“இதுக்கு ப்ராக்டிகல் மார்க் உண்டா அத்தை?” என்றாள். குருபரன் சிரித்தான், சிரித்ததில் வண்டி கொஞ்சம் ஆடியது. ரேணுகா சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். மலைப்பாதை அவளுக்கு ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது.

கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள் அம்மா, வளைவு வருகிறது.

எங்களுக்கு இடம் கொடுத்தது ஒரு காப்பித் தோட்டம். நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மாதையன் என்று ஒரு காவற்காரர் இடத்தைக் காட்டினார். புல்தரைதான், ஆனால் லேசான சரிவு. “மேட்டுப் பக்கம் தலை வெச்சுப் படுத்துக்கங்கம்மா, பள்ளத்துப் பக்கம் வாசல் விட்டுருங்க. மழை வந்தாலும் தண்ணி ஓடிரும்” என்றார். அனுபவசாலி சொல்கிறார்; அப்படியே செய்தோம். தரைத்துணி விரித்தோம், மூலைகளில் முளை அடித்தோம், ஆதிரை எண்ணிச் சொன்னாள். குருபரன் பம்பை எடுத்தான்.

பார்க்க வேண்டும் நீங்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. துணி செத்த மாதிரி கிடந்தது. அவன் அடிக்கிறான், அடிக்கிறான், சட்டையெல்லாம் வியர்வை. “அக்கா, இத்தனை காத்துக்கு நான் லாரி டயர் கடையே வெச்சிருக்கலாம்” என்கிறான். திடீரென்று ஒரு குழாய் விறைத்து நிமிர்ந்தது. அப்புறம் இன்னொன்று. தூங்கிக்கொண்டிருந்த யானை முன்னங்காலை ஊன்றி எழுந்த மாதிரி கூடாரம் முழுவதும் எழுந்து நின்றது. ரேணுகா கைதட்டினாள். உண்மையாகவே கைதட்டினாள். ஆதிரை என் தோளில் கைபோட்டு எங்கள் நால்வரையும் படம் எடுத்தாள். அந்தப் படம் என்னிடம் இல்லை. கேட்டு வாங்க வேண்டும்.

அப்போதுதான் நான் திசைகாட்டியை எடுத்தேன்.

மேட்டுப் பக்கம் வடக்கு.

நீங்களே சொல்லுங்கள், வடக்கே தலை வைத்துப் படுக்கலாமா? கிழக்கு நல்லது, தெற்கு ஆயுள், மேற்கு நடுத்தரம். வடக்கு ஆகவே ஆகாது. முப்பத்தொரு வருடத்தில் என் விடுதியில் ஒரு பிள்ளைகூட வடக்கே தலை வைத்துப் படுத்ததில்லை. விடுமுறையில் வெள்ளையடிக்கக் கட்டில்களை நகர்த்துவார்கள். நான் ஒவ்வோர் அறையாகப் போய்ச் சரிபார்ப்பேன். பெற்றவர்கள் நம்பி விட்டுப்போன பிள்ளைகள் அல்லவா? அவர்களுக்கே அப்படிப் பார்த்தவள், சொந்தத் தம்பியை எப்படி வடக்கே படுக்கவைப்பேன்?

“ஒரு ராத்திரிதானே அண்ணி?” என்றாள் ரேணுகா.

“எமன் ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி என்று பார்த்தா வருவான்?” என்றேன்.

தெற்கே தலையைத் திருப்பிப் படுத்துப் பார்ப்போம் என்று குருபரன் உள்ளே போய்ப் படுத்தான். தலை பள்ளத்தில், கால் மேட்டில். “ரத்தமெல்லாம் மண்டைக்கு வருதுக்கா” என்று எழுந்துவிட்டான். குறுக்கே படுத்தால் என்ன என்று ஆதிரை கேட்டாள். குறுக்கே படுத்தால் உள்ளே இருப்பவர் வெளியே போக, வாசலோரம் படுத்திருப்பவரைத் தாண்டித்தான் போக வேண்டும். படுத்திருப்பவரைத் தாண்டுவது முறையா? ஒரே வழிதான் இருந்தது. கூடாரத்தைத் திருப்ப வேண்டும்.

மாதையன் சொன்னார்: “காத்தை எறக்க வேணாம்மா. முளையைப் புடுங்கிட்டு நாலு பேரும் நாலு மூலையில தூக்கினா அப்படியே திருப்பிரலாம்.”

செய்முறையில் அப்படி இல்லை. தரைத்துணியை முளையடித்த பிறகே காற்றடித்தல் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. தூக்கும்போது குழாய் கிழிந்தால் யார் பொறுப்பு? நான் காற்றை இறக்கச் சொன்னேன். குருபரன் என்னைப் பார்த்தான், ரேணுகாவைப் பார்த்தான், பிறகு குனிந்து மூடிகளைத் திறந்தான். இரண்டாவது முறை அவன் காற்றடித்தபோது யாரும் பேசவில்லை. தூறல் வேறு. வேலையில் கவனமாக இருந்தார்கள், அதுவும் நல்லதுதான். கூடாரம் கிழக்கே தலை வைத்து நின்றது. எட்டு நிமிடம் என்று போட்டிருந்தார்கள். எங்களுக்கு இரண்டேகால் மணி நேரம் ஆயிற்று.

படுக்கையை நான் ஒதுக்கினேன். வயதுப்படி மேட்டிலிருந்து பள்ளத்துக்கு: நான், குருபரன், ரேணுகா, கடைசியில் சுவரோரம் ஆதிரை. ஜமக்காளம் விரித்துப் படுத்தோம். படுத்து ஐந்து நிமிடம் ஆகவில்லை. தலை கிழக்கே சரியாக இருக்கிறது, ஆனால் சரிவு இப்போது பக்கவாட்டில். கீழே வழுவழுப்பான துணி. ஜமக்காளத்தோடு நான் வழுக்கிக் குருபரன்மேல் போனேன், அவன் ரேணுகாமேல், ரேணுகா ஆதிரைமேல்.

“அம்மா! பிரேக் இல்லாத லாரி மாதிரி வர்றியே!” என்று கத்தினாள் அந்தப் பெண். ரேணுகாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அண்ணி, நீங்கதான் மொதல்ல எறங்குனது, உங்களுக்குத்தான் ஃபைன்!” என்றாள். நான்கு பேரும் ஒரே குவியலாகக் கிடந்தோம். குருபரனின் முழங்கை என் விலாவில். அவன் சின்ன வயதில் சிரிப்பானே, மூச்சு உள்ளே இழுத்துக்கொண்டு, அதே சிரிப்பு.

ஆனால் எத்தனை நேரம் அப்படியே கிடப்பது? என் பாரம் முழுவதும் அவன்மேல். அவனுக்கும் ஐம்பத்தாறு வயது. ஆகவே நான் எழுந்து, எல்லாப் பைகளையும் கொண்டுவந்து, எனக்கும் அவனுக்கும் நடுவே வரப்பு மாதிரி வரிசையாக அடுக்கினேன். அதன் பிறகு நான் நகரவில்லை. பைகளுக்கு அந்தப் பக்கம் அவர்கள் மூவரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மணி பார்த்தேன்; ஒன்பதரை. “பேச்சு போதும்” என்றேன். பழக்கம் அம்மா. விளக்கை அணைப்பதற்கு முன்பு பெயர்களையும் சொல்லிவிட்டேன்.

“குருபரன்.”

“ம்.”

“ரேணுகா.”

பதில் வரக் கொஞ்சம் நேரமாயிற்று. “இருக்கேன் அண்ணி.”

“ஆதிரை.”

“பிரசென்ட் மேடம்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. என் பெயரை யாரும் கூப்பிடவில்லை. காப்பாளர் பெயர் பட்டியலில் வராதுதான்.

மறுநாள் ஐந்தரைக்கு விழித்தேன். பைகளுக்கு அந்தப் பக்கம் ஜமக்காளம் மட்டும் கிடந்தது. வெளியே வந்தால் மூவரும் காரில் தூங்கிக்கொண்டிருந்தார்கள், இருக்கைகளைப் பின்னால் சாய்த்துக்கொண்டு. குளிர் தாங்காமல் போயிருப்பார்கள். நான் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டேன். ஆனால் திசைகாட்டி கையில் இருந்தது. வண்டியின் மூக்கு தெற்கே. அப்படியென்றால் மூன்று தலையும் எங்கே? வடக்கே! இரவு முழுவதும்!

கண்ணாடியைத் தட்டினேன். குருபரன் இறக்கினான். “என்னக்கா?” என்றான். காரணத்தைச் சொன்னேன். அவன் முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டான். வண்டியை எடுத்தான், பின்னால் வந்தான், முன்னால் போனான், மறுபடி பின்னால் வந்து திருப்பி நிறுத்தினான். எவ்வளவு சொன்ன பேச்சுக் கேட்கிற தம்பி பாருங்கள்.

“இப்பத் தூங்கலாமா அண்ணி?” என்று ரேணுகா உள்ளிருந்து கேட்டாள். பணிவாகத்தான் கேட்டாள்.

பத்து மணிக்கு அவர்கள் புறப்பட்டார்கள். ஆதிரைக்குத் திங்கட்கிழமை தேர்வாம். முன்பே சொல்ல மறந்துவிட்டாளாம். “நீங்களும் வாங்க அண்ணி, கெளம்பிடலாம்” என்றாள் ரேணுகா. இரண்டு இரவுக்குப் பதிவு செய்திருக்கிறது. பாதியில் எப்படிப் போவது? நான் இருக்கிறேன் என்றேன். “அப்ப நாளைக்குக் காலையில நான் வந்து கூட்டிட்டுப் போறேன்” என்றான் குருபரன். ஆதிரை காரிலிருந்து கையசைத்தாள், வளைவு வரைக்கும்.

அன்று பகல் என்ன செய்தேன்? நான்கு ஜமக்காளத்தையும் உதறி, மறுபடி வரிசையாக விரித்தேன். முளைகளை எண்ணினேன். கயிறுகளை இழுத்துக் கட்டினேன். மாடி அறையைப் பற்றியும் கொஞ்சம் யோசித்தேன். சன்னல் எந்தப் பக்கம் வைத்தான் என்று தெரியவில்லை; கட்டிலை அதற்கேற்பத்தான் போட வேண்டும். காலையில் எழுந்ததும் ரேணுகாவுக்குக் காய் நறுக்கிக் கொடுக்கலாம். அவள் பெரிது பெரிதாக நறுக்குகிறாள், சொன்னால் புரிந்துகொள்வாள். சாயங்காலம் மாதையன் வந்து எட்டிப் பார்த்தார்.

“தனியாவாங்கம்மா இருக்கீங்க? பயமில்லையா?”

“தனியாக இல்லை. நாங்கள் நான்கு பேர். மூன்று பேர் வெளியில் போயிருக்கிறார்கள்” என்றேன்.

அவர் நான்கு படுக்கையையும் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அன்று பைகளும் இல்லை. அவற்றைத்தான் அவர்கள் காரில் எடுத்துப் போய்விட்டார்களே. ஆகவே என்னைத் தடுக்க ஒன்றும் இல்லை. மேட்டில், என் இடத்தில்தான் படுத்தேன். விடிந்து கண் விழித்தபோது அடுத்த கோடியில், ஆதிரை படுத்திருந்த சுவரோரம் கிடந்தேன். மூன்று பேருடைய இடத்தையும் கடந்து வந்திருக்கிறேன், ஓர் இடத்தில்கூட நிற்காமல். தலை மட்டும் கிழக்கேதான் இருந்தது.

இன்று காலை எட்டு மணிக்குக் குருபரன் வந்தான். தனியாக வந்தான். காப்பி வேண்டாம் என்றான். “மொதல்ல இதைக் கழட்டிடலாம்கா” என்றான். மூடிகளைத் திறந்தோம், கூடாரம் நீளமாகப் பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது. ஆனால் குழாய்களில் எப்போதும் கொஞ்சம் காற்று தங்கிவிடும். அதை வெளியேற்றாவிட்டால் பைக்குள் அடங்காது. அதற்கு ஒரே வழி, மேலே குப்புறப் படுத்து உடம்பால் அழுத்துவது. ஒத்திகையில் காவலாளி அப்படித்தான் செய்தார். குருபரன் ஒரு குழாயின்மேல் படுத்தான். பக்கத்துக் குழாயின்மேல் நான் படுத்தேன். அறுபது வயதில் புல்தரையில் குப்புறப் படுத்திருக்கிறேன். நல்ல வேளை, என் மாணவிகள் யாரும் பார்க்கவில்லை.

அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் பேசினான்.

“அக்கா. மாடி ரூமு... ஆதிரைக்குப் படிக்க வேணும்ங்கறா ரேணுகா.”

நான் என் குழாயை அழுத்திக்கொண்டிருந்தேன்.

“அவமேல தப்பு இல்லக்கா. ரெண்டு நாள் இருந்து பாப்போம்னுதான் அவளும் சொன்னா. ஆதிரை ஒண்ணும் சொல்லல. எனக்குந்தான்...” கையருகே இருந்த புல்லைப் பிடுங்கினான். “எனக்கும் முடியலக்கா. திருச்சியிலயே உனக்கு நல்ல வீடா நான் பாத்துத் தரேன். மாசாமாசம் வரேன். சத்தியமா வரேன்.”

ஆதிரைக்கு இந்த வருடம் பொதுத்தேர்வு. படிக்கிற பிள்ளைக்குத் தனி அறை வேண்டும். ஒதுக்கீடு செய்கிற இடத்தில் நான் இருந்தாலும் அந்த அறையை அவளுக்குத்தான் ஒதுக்கியிருப்பேன். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. “சரியான முடிவு” என்று அவனிடம் சொன்னேன். சேலம் வரைக்கும் காரில் வா என்று கெஞ்சினான். மலை இறங்கும்போது கார் எனக்குத் தலை சுற்றும், பேருந்துதான் சரி என்றேன். வரும்போது சுற்றவில்லையே என்று அவன் கேட்கவில்லை. பையைத் தூக்கிவந்து இங்கே வைத்துவிட்டு, வண்டி புறப்படுகிற வரைக்கும் சன்னலுக்குக் கீழேயே நின்றான். நீங்களும் பார்த்திருப்பீர்கள்; நீலச் சட்டை, முழங்காலில் புல் ஒட்டியிருந்ததே, அவன்தான்.

இல்லை, நடுவே ஒன்றை விட்டுவிட்டேன். விட்டுவிட்டால் முழுதாகச் சொன்னதாகாது.

சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும் அவன் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தான்.

“எழுந்திருக்காதே. உன் பக்கம் இன்னும் காற்று இருக்கிறது” என்றேன்.

அவன் மறுபடியும் படுத்துக்கொண்டான்.

காற்று இல்லை அம்மா. எப்போதோ போய்விட்டது. துணி தரையோடு தரையாகக் கிடந்தது. கீழே இருந்த கல்கூட விலாவில் உறுத்தியது. நான் அசையவில்லை. அவனும் அசையவில்லை. அவன் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மாதையன் வந்து எங்கள் தலைமாட்டில் நின்றார். “காத்தெல்லாம் போயிருச்சுங்களே சார், மடிச்சிரலாமா?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் குருபரன் சொன்னான், முகத்தைத் திருப்பாமலேயே:

“இல்லைங்கண்ணா. இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கு.”